பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே சட்டியில் வெஜ் நூடுல்ஸ்! - வெங்காயம், பூண்டு இல்லாமல் 20 நிமிடத்தில் செய்யலாம்

மாலை நாலே முக்கால் மணி. ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் ஸ்கூல் வேன்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும் நேரம். புத்தகப் பை ஒரு பக்கம், ஷூ ஒரு பக்கம் பறக்க, பிள்ளைகள் உள்ளே நுழையும்போதே குரல் வந்துவிடும்: “அம்மா, பசிக்குது... நூடுல்ஸ்!”

காவிரிப் பாலத்தைத் தாண்டி தில்லை நகர், உறையூர், கே.கே.நகர் என்று எங்கே போனாலும் இதே குரல்தான். ஆனால், ஸ்ரீரங்கத்து வீடுகள் பலவற்றில் கூடவே இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே பாட்டியும் தாத்தாவும் வெங்காயம், பூண்டு தொட மாட்டார்கள். கடையில் வாங்கும் மசாலா நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் இருக்கும். அதனால் பேரனுக்கு ஒரு அடுப்பில் நூடுல்ஸ், பாட்டிக்கு இன்னொரு அடுப்பில் ரவா உப்புமா. வேலைக்குப் போய்விட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நின்றபடியே வீடு திரும்பும் அம்மாவுக்கு, இரண்டு டிபன் செய்யும் வேலை.

ஒரே சட்டியில் எல்லோருக்கும் செய்ய முடியாதா? தாராளமாக முடியும். அதற்கு பாக்கெட்டில் வரும் மசாலா தேவையில்லை. நூடுல்ஸைவிட காய்கறி அதிகமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இன்னொரு நல்ல செய்தி, இதற்கான தொழில்நுட்பம் அந்த வீட்டுப் பாட்டிக்கு ஏற்கெனவே அத்துப்படி!

சேவையும் நூடுல்ஸும் ஒன்றுவிட்ட உறவு

எலுமிச்சை சேவை, தேங்காய் சேவை, புளி சேவை, மிளகு சேவை... சேவை நாழியில் மாவைப் பிழிந்து விதவிதமாகத் தாளிக்கத் தெரிந்த வீட்டுக்கு நூடுல்ஸ் புதிய பலகாரமே அல்ல. இரண்டுக்கும் அடிப்படை விதிகள் ஒன்றுதான்.

சேவையைப் பிழிந்தவுடன் சூட்டோடு தாளிப்பில் கொட்ட மாட்டார்கள். ஆறவிட்டு, விரலால் உதிர்த்து, கொஞ்சம் நல்லெண்ணெய் தடவி வைத்துக்கொள்வார்கள். சூட்டோடு கிளறினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிடும். நூடுல்ஸும் அப்படித்தான். வேகும்போது அதன் மேற்பரப்பில் கசியும் மாவுச்சத்துதான் பசை மாதிரி ஒட்டவைக்கிறது. குளிர்ந்த நீரில் அலசினால் அந்தப் பசை போய்விடும். எண்ணெய் தடவினால் மறுபடி ஒட்டாது.

அடுத்து எலுமிச்சை. அடுப்பில் இருக்கும்போதே சாறு பிழிந்தால் கசந்துவிடும் என்று இறக்கிய பிறகே பிழிவார்கள். நூடுல்ஸில் வினிகர் ஊற்றினாலும் எலுமிச்சை பிழிந்தாலும் அதே விதி. அடுப்பை அணைத்த பிறகுதான்.

மூன்றாவது, தாளிப்பு முதலில், சேவை கடைசியில். நூடுல்ஸிலும் காய் முதலில், நூடுல்ஸ் கடைசியில். அது சட்டியில் இருக்க வேண்டிய நேரம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

இந்த மூன்றும் தெரிந்துவிட்டால், ஃபாஸ்ட் ஃபுட் கடைக்காரர் செய்கிற வேலையில் பாதி தெரிந்த மாதிரிதான்.

பாக்கெட் எப்படி வந்தது?

இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் பிறந்த ஆண்டு 1958. ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ என்பவர் கண்டுபிடித்தார். மாவைத் தட்டி, இழையாக வெட்டி, ஆவியில் வேகவைத்து, பிறகு எண்ணெயில் பொரித்தார். பொரிக்கும்போது உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேற, இழை முழுக்க நுண்ணிய துளைகள் விழும். பிறகு வெந்நீர் பட்டதும் அந்தத் துளைகள் வழியே நீர் உள்ளே புகுந்து சட்டென்று மிருதுவாகிவிடும். ‘இரண்டு நிமிட’ ரகசியம் இதுதான். ஏற்கெனவே வெந்து, பொரிந்து வந்ததைத்தான் நாம் மறுபடி ஊறவைக்கிறோம்.

இந்தியாவில் 1980-களில் இந்த பாக்கெட்டுகள் பரவின. ஃபாஸ்ட் ஃபுட் கடைகளில் கிடைக்கும் ‘ஹக்கா நூடுல்ஸ்’ கதை வேறு. தென் சீனாவிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்து குடியேறிய ஹக்கா இன மக்களின் பெயர் அது. அவர்களுடைய சமையல் நம்மூர் மிளகாயோடும் மசாலாவோடும் கலந்து ஊர் ஊராகப் பயணித்து, இன்று திருச்சியில் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டிகளில் மணக்கிறது.

2015-ல் நடந்ததைப் பெற்றோர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மேகி நூடுல்ஸில் ஈயம் அளவுக்கு அதிகமாக இருப்பதாகப் பரிசோதனை முடிவுகள் வெளியாகி நாடே பரபரத்தது. ஜூன் 4-ம் தேதி தமிழக அரசு, மேகி உட்பட நான்கு நிறுவனங்களின் நூடுல்ஸ் விற்பனைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. மறுநாள் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், மேகியைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிட்டது. ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துசெய்து, மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டது. அதில் தேறி, நவம்பரில் மேகி மீண்டும் கடைக்கு வந்தது.

அந்தப் பரபரப்பு ஓய்ந்துவிட்டது. ஆனால், அப்போது பலர் கவனிக்காத ஒரு விஷயம் எல்லா பாக்கெட்டுகளிலும் இன்றும் அப்படியே இருக்கிறது. அது உப்பு.

உப்புக் கணக்கு: ஒரு எளிய பெருக்கல்

பாக்கெட்டின் பின்னால் ‘சோடியம்’ என்று மில்லிகிராமில் ஓர் எண் இருக்கும். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். உதாரணமாக, 1,000 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.5 கிராம் உப்பு.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது, ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து 5 கிராமுக்குள்தான். அதாவது, ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. குழந்தைகளுக்கு இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். காலை இட்லி - சட்னி, மதியம் சாம்பார் - ஊறுகாய் - அப்பளம், இரவு தோசை என்று நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே உப்புக்குப் பஞ்சமில்லை. நடுவே மாலையில் ஒரு மசாலா பாக்கெட்டும் சேர்ந்தால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இதில் இன்னொரு விஷயம். பாக்கெட்டில் அந்த எண் ‘100 கிராமுக்கு’ என்று இருக்கிறதா, ‘ஒருமுறை பரிமாறும் அளவுக்கு’ என்று இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்தால் உப்பு நம் கையில். ஆனால், சோயா சாஸ் ஊற்றும்போது கை தாராளமானால் கதை கெட்டது. ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அதனால் சோயா சாஸ் ஊற்றிய பிறகுதான் உப்பு போட வேண்டும். முன்பே போட்டுவிட்டு சாஸும் ஊற்றினால் கரித்துவிடும்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

* பச்சை நிற சைவக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சில வகை நூடுல்ஸில் முட்டை சேர்க்கிறார்கள்.

* மசாலா பாக்கெட் இல்லாத, பொரிக்காமல் உலர்த்திய நூடுல்ஸ் நல்லது. ‘ஹக்கா நூடுல்ஸ்’, ‘வெஜ் நூடுல்ஸ்’ என்ற பெயர்களில் கிடைக்கும். பொரித்ததா, உலர்த்தியதா என்பதைக் கொழுப்பின் அளவே காட்டிக்கொடுத்துவிடும்.

* ‘கோதுமை நூடுல்ஸ்’, ‘சிறுதானிய நூடுல்ஸ்’ என்று முன்பக்கம் பெரிதாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சேர்க்கப்பட்ட பொருள்களின் பட்டியலில், எடை அதிகமுள்ளதுதான் முதலில் வரும். கேழ்வரகு நூடுல்ஸ் என்று வாங்கிவந்ததில் முதல் பெயர் மைதா என்றிருந்தால், அது மைதா நூடுல்ஸ்தான்.

வாழைத்தண்டு... திருச்சி ஸ்பெஷல்!

நூடுல்ஸில் போட ஸ்பிரிங் ஆனியனும் செலரியும் தேடி அலைய வேண்டியதில்லை. காந்தி மார்க்கெட்டில் கிடைக்கிற கேரட், பீன்ஸ், முட்டைகோஸ், குடைமிளகாய் போதும். கூடவே சேர்க்க நம்மூருக்கே உரிய ஒன்று இருக்கிறது... வாழைத்தண்டு.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற ஸ்ரீரங்கத்திலும், சுற்றியுள்ள ஊர்களிலும் வாழைக்குக் குறைவில்லை. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-ல் திருச்சியில்தான் தொடங்கப்பட்டது. பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் விளைகிற ஊரில் வாழைத்தண்டு கிடைப்பதா கஷ்டம்?

பிஞ்சுத் தண்டாக வாங்கி வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு, தீக்குச்சி கனத்துக்கு நீளமாக அரிந்து மோர் கலந்த நீரில் போட்டுவைத்தால் கறுக்காது. மாலையில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. அதனால் காலையில் கூட்டுக்கோ பொரியலுக்கோ நறுக்கும்போதே ஒரு கைப்பிடி தனியாக எடுத்துவைத்துவிட்டால் வேலை முடிந்தது. கடைகளில் மூங்கில் குருத்து தருகிற அந்த ‘நறுக் நறுக்’ பதத்தை நூடுல்ஸில் வாழைத்தண்டு தந்துவிடும். வாழைத்தண்டுப் பொரியலை ஓரமாகத் தள்ளிவைக்கும் பிள்ளைகள்கூட, நூடுல்ஸுக்கு நடுவே வந்தால் கவனிக்காமல் சாப்பிட்டுவிடுவார்கள்.

தேவையானவை (4 பேருக்கு)

* நூடுல்ஸ் - 200 கிராம்
* முட்டைகோஸ் (மெல்லியதாக அரிந்தது) - 2 கப்
* கேரட் - 2
* பீன்ஸ் - 10
* குடைமிளகாய் - 1
* வாழைத்தண்டு (அரிந்தது) - அரை கப்
* இஞ்சி (பொடியாக நறுக்கியது) - ஒரு டேபிள்ஸ்பூன்
* பச்சை மிளகாய் - 2
* கொத்தமல்லித்தழை - ஒரு கைப்பிடி (தண்டைத் தனியாக நறுக்கவும்)
* மிளகு (கொரகொரப்பாகப் பொடித்தது) - ஒரு டீஸ்பூன்
* சோயா சாஸ் - 2 டீஸ்பூன்
* எலுமிச்சை - அரை மூடி
* சர்க்கரை - 2 சிட்டிகை
* கடலை எண்ணெய் - 2 டேபிள்ஸ்பூன்
* வறுத்த வேர்க்கடலை - ஒரு கைப்பிடி
* உப்பு - ஒரு டீஸ்பூன் (பாதி வேகவைக்க, பாதி கடைசியில்)

செய்முறை

1. முதலில் அடுப்பில் பெரிய பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர் வையுங்கள். அது கொதிப்பதற்குள் காய் நறுக்கிவிடலாம். 20 நிமிடக் கணக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. காய்களெல்லாம் ஒரே கனத்தில், தீக்குச்சி போல நீளமாக இருக்கட்டும்.

2. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அரை டீஸ்பூன் உப்பு, நூடுல்ஸ் சேர்த்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பாகவே இறக்குங்கள். ஓர் இழையைக் கடித்துப் பார்த்தால் நடுவில் மெல்லிய கடினம் இருக்க வேண்டும். மீதி வேக்காடு சட்டியில் நடக்கும்.

3. உடனே வடிகட்டி, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அலசுங்கள். நீர் முழுக்க வடிந்ததும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசிறி, அகலமான தாம்பாளத்தில் பரப்பிவையுங்கள்.

4. இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து எண்ணெய் ஊற்றுங்கள். இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லித் தண்டு போட்டு அரை நிமிடம் வதக்குங்கள். பூண்டு இல்லாத குறையை இந்த மூன்றும் சேர்ந்து தீர்த்துவிடும்.

5. தீ முழுதாக எரியட்டும். முதலில் கேரட், பீன்ஸ். ஒன்றரை நிமிடம் கழித்து, நீரை ஒட்டப் பிழிந்த வாழைத்தண்டு. இன்னும் ஒரு நிமிடம் கழித்து கோஸ், குடைமிளகாய். மூடி போட வேண்டாம். கோஸ் சற்றே துவண்டதும் அடுத்த வேலைக்குப் போகலாம்.

6. சர்க்கரை, மிளகு சேர்த்து, சோயா சாஸைச் சட்டியின் ஓரமாக ஊற்றுங்கள். சூடான இரும்பில் பட்டுப் பொங்கும்போது அந்தக் கடை வாசனை வந்துவிடும். நூடுல்ஸைக் கொட்டி, இரண்டு கரண்டிகளால் தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். ருசி பார்த்து, மீதி உப்பில் தேவையான அளவு மட்டும் போடுங்கள்.

7. அடுப்பை அணைத்து எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லித்தழை, வேர்க்கடலை தூவிப் பரிமாறுங்கள்.

இந்த அளவில் செய்தால், ஒருவர் தட்டுக்கு வரும் உப்பு ஒரு கிராமைச் சற்றுத் தாண்டலாம். அவ்வளவுதான்.

சோயா சாஸே வேண்டாம் என்கிற பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் அதையும் விட்டுவிடலாம். மிளகை ஒன்றரை டீஸ்பூனாகக் கூட்டி, சிட்டிகை பெருங்காயமும் சேர்த்தால் மிளகு சேவையின் ருசி வந்துவிடும்.

எங்கே சொதப்புகிறது?

குழைந்துபோகிறது: வேகவைக்கும்போதே முழுதாக வெந்துவிட்டது, அல்லது அலசாமல் சூட்டோடு விட்டுவிட்டீர்கள். வடிகட்டிய பிறகும் உள்ளே இருக்கும் சூட்டில் அது வெந்துகொண்டேதான் இருக்கும்.

காய் தண்ணீர் விடுகிறது: இதற்குக் காரணம் மூன்று. ஒன்று, தீ குறைவு. இரண்டு, சட்டியில் காய் அதிகம். மூன்று, உப்பை முதலிலேயே போட்டுவிட்டது. உப்பு காய்க்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். கடைகளில் எரியும் அடுப்பின் வேகம் வீட்டு கேஸ் அடுப்புக்கு வராது. அதனால் நாலு பேருக்குச் செய்வதை இரண்டு ஈடாகப் பிரித்துச் செய்வதுதான் புத்திசாலித்தனம். ஒரு ஈட்டுக்கு நாலைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இழைகள் உடைகின்றன: தோசைத் திருப்பியால் குத்திக் கிளறினால் உடையத்தான் செய்யும். அடியிலிருந்து தூக்கிப் புரட்ட வேண்டும்.

நான்-ஸ்டிக் பாத்திரம்: இதை வெறுமனே அதிகத் தீயில் காயவைக்கக் கூடாது. மேல்பூச்சு கெட்டுவிடும். இந்தச் சமையலுக்குப் பழைய இரும்புச் சட்டிதான் ராஜா.

நூடுல்ஸே இல்லாமலும் செய்யலாம்

காலையில் செய்த இடியாப்பம் நாலைந்து மீந்துவிட்டதா? அதைக் கையால் உதிர்த்து, மேலே சொன்ன காய் வதக்கலில் கடைசியாகச் சேர்த்து ஒரு நிமிடம் புரட்டினால் ‘இடியாப்ப நூடுல்ஸ்’ தயார். கடையில் கிடைக்கும் உலர்ந்த அரிசி சேவையையும், தினை சேவையையும் வெந்நீரில் போட்டு வடித்துவிட்டு இப்படியே செய்யலாம்.

தினை என்றதும் ‘இதெல்லாம் இப்போது வந்த ஃபேஷன்’ என்று நினைக்க வேண்டாம். சீனாவின் லாஜியா என்ற இடத்தில் நடந்த அகழாய்வில், கவிழ்ந்து கிடந்த ஒரு மண் கிண்ணத்துக்கு அடியில் சுமார் 4,000 ஆண்டுகள் பழைமையான நூடுல்ஸ் இழைகள் கிடைத்தன. அவை தினையாலும் பனிவரகாலும் செய்யப்பட்டவை என்று 2005-ல் ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மைதா நூடுல்ஸ் நேற்று வந்த பிள்ளை. தினை நூடுல்ஸ்தான் மூத்தது!

யார் தட்டில் எவ்வளவு?

வளரும் பிள்ளைகளுக்கு நூடுல்ஸும் காயும் மட்டும் போதாது. புரதமும் வேண்டும். வேர்க்கடலையோடு ஒரு கைப்பிடி முளைகட்டிய பாசிப்பயறோ, பனீர் துண்டுகளோ சேர்க்கலாம். பயறைத் தனியாக ஆவியில் வேகவைத்துக்கொள்வது நல்லது.

சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்குத் தட்டில் மூன்றில் இரண்டு பங்கு காய், ஒரு பங்கு நூடுல்ஸ் என்று வைத்துக்கொண்டால் நல்லது. எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவரவர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு சோயா சாஸ் சேர்ப்பதற்கு முன்பே ஒரு பங்கைத் தனியாக எடுத்து, மிளகும் எலுமிச்சையும் மட்டும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். இதற்கு இன்னொரு சட்டி தேவையில்லை. இன்னொரு தட்டு போதும்.

இத்தனையும் செய்த பிறகும், ‘கடை நூடுல்ஸ் மாதிரி இல்லையே’ என்று முதல் நாள் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். மசாலாவுக்குப் பழகிய நாக்கு அப்படித்தான் சொல்லும். அதற்கும் வழி இருக்கிறது. அடுத்த முறை, சேவையைப் பாட்டி எப்படி உதிர்ப்பார் என்று காட்டச் சொல்லி, நூடுல்ஸை எண்ணெய் பிசிறிப் பரப்புகிற வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். தன் கையால் உதிர்த்ததை எந்தப் பிள்ளையும் மிச்சம் வைப்பதில்லை. பாட்டியும் ஒரு வாய் கேட்பார். இந்த முறை தயங்காமல் கொடுக்கலாம்!